சண்டை மீனின் மெய்ப்பாடுகள்



சில நாட்களுக்கு முன்னர் அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் கையில் ஒரு ஜாம் போத்தலுடன் என்னிடம் ஓடி வந்தான். போத்தலினுள்ளே வெளிறிய நிறமுடைய சிறு மீன் ஒன்று அசைவின்றி நின்றது. “மாமா, பெட்டை மீனுக்குக் கோடு விழுந்திட்டுது. இனிச் சோடி சேர்த்து விடலாமோ?” என்று அவன் கேட்டான். அவனுடைய வீட்டுத் தொட்டியில் ஆண் மீன் நுரைக்கூடு கட்டி மூன்று நாட்கள் ஆகியிருந்தன. பெண் மீனின் உடலிற் கோடுகள் தோன்றினால் அது முட்டையிடத் தயாராகிவிட்டது என்று பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன் அவனுக்குச் சொல்லியிருந்தான்.

போத்தலை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தேன். கோடுகள் இருந்தது உண்மையே. ஆனால், அவை தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கிக் கிடையாக ஓடின. “தம்பி, உது கலியாணக் கோலமில்லை, பயந்துபோய் நிக்கிற கோலம்” என்றேன். அன்று அவன் அந்தப் பெண் மீனை ஆணின் தொட்டியில் விட்டிருந்தால், மறுநாட் காலையில் அது உயிருடன் இருந்திருக்குமோ என்பது ஐயமே. கோடு நெடுக்காக இருக்கிறதா, கிடையாக இருக்கிறதா என்ற ஒரு சிறு வேறுபாட்டிலே ஓர் உயிர் தங்கியிருந்தது.

நம் முன்னோர் உள்ளத்து உணர்ச்சி உடலிலே புலப்படுவதை மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியம் அதற்கென ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை எண்ணுகின்றது. அது மாந்தரைக் குறித்துச் சொல்லப்பட்டது. வாய் திறந்து பேச இயலாத மீனுக்கோ மெய் ஒன்றே மொழி. அதன் நிறமும், செட்டையும், மூச்சும், நீந்தும் நடையுமே அதன் சொற்கள். நம் வீடுகளிற் பலர் ‘பைற்றர்’ என்று அழைத்து வளர்க்கும் சீயச் சண்டை மீனின் இம்மொழியை எவ்வாறு படித்தறிவது என்பதையே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

முதலில் இம்மீனின் பிறப்பிடத்தை அறிவோம். இன்று தாய்லாந்து எனப்படும் பழைய சீய நாட்டில், சாவ் பிரயா ஆறு பாயும் சமவெளியின் நெல்வயல்களிலும், வாய்க்கால்களிலும், சேற்று நிலங்களிலும் இது இயற்கையாக வாழ்கின்றது. அந்நாட்டார் இதனைப் ‘பிளா கட்’ என்பர். கடிக்கும் மீன் என்பது அதன் பொருள். ‘பெற்றா ஸ்பிளென்டென்ஸ்’ என்ற விஞ்ஞானப் பெயரை 1910ஆம் ஆண்டில் சாள்ஸ் ரேற் ரீகன் என்னும் பிரித்தானிய மீனியல் அறிஞர் சூட்டினார். குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் இதனை வளர்த்து வருகிறான் என்பதை 2022ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.

வயலில் வாழும் காட்டு மீனுக்கு நாம் கடைகளிற் காணும் நீண்ட பட்டுச் செட்டைகள் இல்லை. அது குறுகிய செட்டையும் மங்கிய நிறமும் உடையது. நீலமும் சிவப்பும் வெண்மையுமாக விரிந்து தொங்கும் செட்டைகள் மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உண்டாக்கியவை. அதன் போர்க்குணத்தையும் மனிதனே தெரிந்தெடுத்து வளர்த்தான். காட்டு மீன்கள் மோதினால் ஒன்று விரைவிலே தோல்வியை ஒப்புக்கொண்டு விலகிவிடும். சண்டைக்கென வளர்க்கப்பட்ட இனங்களோ நெடுநேரம் விடாது போரிடும். இதிலே நாம் மறக்கக்கூடாத ஓர் உண்மை உண்டு. நெல்வயலில் தோற்ற மீனுக்கு ஓடுவதற்கு வழி உண்டு. கண்ணாடித் தொட்டியில் அந்த வழி இல்லை. ஓட வழியில்லாத இடத்தில் இரண்டு மீன்களை ஒன்றாக விடுபவர், அவற்றின் மெய்ப்பாட்டை அறியாது விடுதல் தகாது.

இம்மீனின் மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதன் தலையினுள், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு இருக்கின்றது. நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயால் எடுக்கும் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பெற்றுக்கொள்ள அது உதவுகின்றது. நம் நாட்டுப் பனையேறி மீனுக்கும் இத்தகைய உறுப்பு உண்டு. ஆகையால், சண்டை மீன் இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பான செயல். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அடிக்கடி, ஓய்வின்றி, மேற்பரப்பிலேயே நின்று திணறுமாயின் அது வேறு. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

இனி, இனவிருத்திக்கு உகந்த காலத்தை மீன் எவ்வாறு அறிவிக்கின்றது என்று பார்ப்போம்.

ஆண் மீனை முதலில் எடுத்துக்கொள்வோம். அது நான்கு முதல் ஆறு மாதங்களில் பருவம் அடைகின்றது. ஓராண்டு வயதுக்குட்பட்ட மீனே இனவிருத்திக்குச் சிறந்தது. கடையில் வாங்கும் ஆண் மீன் பெரும்பாலும் ஏற்கெனவே பல மாத வயதுடையதாகவே இருக்கும் என்பதை நினைவிற் கொள்க. தயாரான ஆணின் நிறம் ஆழ்ந்து பொலியும். செட்டைகள் விரிந்து நிற்கும். உணவைக் கண்டவுடன் விரைந்து வரும். மேற்பரப்பிலே காற்றை விழுங்கி, வாயின் பசைநீர் கலந்து, சிறு சிறு குமிழிகளாக உமிழ்ந்து, மிதக்கும் இலையின் கீழோ தொட்டியின் மூலையிலோ நுரைக்கூடு ஒன்றினைக் கட்டும்.

இந்த நுரைக்கூட்டைக் குறித்துப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. கூடு கட்டினால் ஆண் தயார், கட்டாவிட்டால் தயாரில்லை என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். பெண்ணையே காணாத ஆணும் தன் இயல்பினாற் கூடு கட்டும். நீர் இதமாகவும் அமைதியாகவும் இருந்தால் அது கட்டிக்கொண்டேயிருக்கும். மறுபுறத்தில், நீரோட்டம் உண்டாக்கும் வடிகட்டி ஒன்று தொட்டியில் இயங்குமாயின் நல்ல ஆணின் கூடும் சிதைந்துவிடும். பெண்ணைக் கண்ட பின்னரே கட்டத் தொடங்கும் ஆண்களும் உள. ஆகவே, கூடு ஒரு நற்குறி. அது முடிவான சான்று அன்று.

பெண் மீனின் குறிகளே நமக்கு மிகவும் இன்றியமையாதவை. ஏனெனில், தவறு நேர்ந்தால் உயிரை இழப்பது பெரும்பாலும் அதுவே. தயாரான பெண்ணில் நான்கு குறிகளைத் தேட வேண்டும். முதலாவது, வயிறு பக்கவாட்டில் உருண்டு திரண்டிருத்தல். இரண்டாவது, வயிற்றின் கீழே, முன்புறத்து மெல்லிய வயிற்றுச் செட்டைகளுக்குச் சற்றுப் பின்னால், உப்புக்கல் ஒன்று ஒட்டியதுபோல ஒரு வெண்புள்ளி தோன்றுதல். இதுவே முட்டையிடும் குழாயின் முனை. மூன்றாவது, கருமையான உடலின் மேல் வெளிர்நிறக் கோடுகள் மேலிருந்து கீழாக, வேலி நட்டாற்போல, நெடுக்காகத் தோன்றுதல். நான்காவது, ஆணைக் கண்டதும் தலையைச் சற்றுத் தாழ்த்தி, உடலைச் சாய்த்து, அதன் பக்கமாக நெருங்க முயலுதல்.

இந்நான்கினுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்தல் ஆகாது. வெண்புள்ளி இளம் பெண் மீன்களிலும், முட்டை முதிராத பெண் மீன்களிலும் காணப்படும். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர்நிற இனங்களில் நெடுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரியமாட்டா. வயிறு உருண்டிருப்பதும் ஏமாற்றக்கூடும். நிறைய உண்ட மீனின் வயிறும் உருண்டிருக்கும். ஒரு நாள் உணவு கொடாது விட்டுப் பாருங்கள். உணவினால் வந்த பருமன் குறைந்துவிடும். முட்டையினால் வந்த பருமன் அப்படியே நிற்கும். ஆனால், மேலிருந்து நோக்கும்போது செதில்கள் அன்னாசிப் பழத்தின் முட்களைப்போல் எழுந்து நின்றால், அது முட்டையுமன்று, உணவுமன்று, நீர்க்கோவை நோய். அத்தகைய மீனை உடனே தனியாக்கிவிட வேண்டும்.

நேயர்களே, இனி அச்சத்தின் மெய்ப்பாட்டுக்கு வருவோம். அயல் வீட்டுச் சிறுவன் கண்ட கிடைக்கோடுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வெளிறிய உடலில் ஒன்றோ இரண்டோ மூன்றோ கருங்கோடுகள் தலையிலிருந்து வால் வரை கிடையாக ஓடினால், அம்மீன் அஞ்சியிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று கொள்க. முற்றாத இளங்குஞ்சுகளிலும் இக்கோடுகள் இயல்பாகவே காணப்படும்; அவையும் இனவிருத்திக்கு உரியன அல்ல. ஆக, கிடைக்கோடு எக்காரணத்தால் வந்தாலும் விடை ஒன்றே: சோடி சேர்க்கும் காலம் இன்னும் வரவில்லை.

அடுத்து, செட்டைகளைக் கவனியுங்கள். நலமாக உள்ள மீன் நீந்தும்போது செட்டைகளைத் தளர்வாக விரித்திருக்கும். துன்பத்திலுள்ள மீன் அவற்றை மடக்கிய குடையைப்போல உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். நிறம் மங்கும். உணவைக் கண்டும் காணாததுபோல நிற்கும். தொட்டியின் அடியிலோ மூலையிலோ நெடுநேரம் ஒதுங்கிக் கிடக்கும். அல்லது இதற்கு மாறாக, கண்ணாடியின் ஓரமாக மேலும் கீழும் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக் குதறிக்கொள்வதும் உண்டு. செவுள்மூடிகள் விரைந்து அடித்துக்கொள்ள, மேற்பரப்பிலேயே நின்று திணறுமாயின், நீரில் ஏதோ தீங்கு உண்டு என்பதை உடனே அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த அச்சம் வெறும் மனநிலை அன்று. அஞ்சிய மீனின் உடலில், நம் உடலிற் சுரப்பதைப் போன்றே, கோட்டிசோல் என்னும் ஓமோன் சுரக்கின்றது. சிறிது நேரம் சுரந்தால் அது தப்பியோட உதவும். நாட்கணக்கிற் சுரந்தால் நோயைத் தடுக்கும் ஆற்றலைக் குன்றச் செய்யும். அதன் பின்னரே வெண்புள்ளி நோயும், பொற்றூள் தூவினாற்போல் உடலிற் படரும் நோயும், செட்டை அழுகலும் வந்து சேர்கின்றன. நாம் நோயைக் கண்டு மருந்து தேடுகிறோம். அந்நோய்க்கு வழி திறந்து விட்ட துன்பத்தைத் தேடுவதில்லை.

அத்துன்பம் எங்கிருந்து வருகின்றது? முதற் காரணம் நீர். கொழும்பு போன்ற நகரங்களிற் குழாய் நீரிலே குளோரீன் கலந்திருக்கும். அதனை நேரே தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுள்கள் புண்படும். நீரை அகன்ற வாளியொன்றில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைப்பது அல்லது மீன்கடைகளில் விற்கும் குளோரீன் நீக்கியைச் சேர்ப்பது நன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் குளோரீன் இல்லாவிடினும், சுண்ணக்கல் நிலத்தினூடாக வருவதால் அது வன்னீராக இருக்கும். சண்டை மீன் அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால், ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்குத் திடீரென மாற்றுவதை அது தாங்காது. சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சிறிய பாத்திரம். காற்றைச் சுவாசிக்க வல்ல மீனாதலால் ஜாம் போத்தலே போதும் என்று எண்ணுகிறோம். காற்று கிடைப்பது உண்மைதான். ஆயினும், அதன் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அமோனியா அச்சிறு நீரில் விரைவாகப் பெருகிவிடும். போத்தல் நீர் பகலில் விரைவிற் சூடேறி இரவில் விரைவிற் குளிரும். சண்டை மீனுக்கு 26 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது. நம் கரையோரப் பகுதிகளில் இது பெரும்பாலும் தானே அமையும். நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களில் வெப்பமூட்டி இன்றி இம்மீனை நலமாக வளர்த்தல் அரிது.

மூன்றாவது காரணம் ஓயாத காட்சி. இரண்டு ஆண்களின் போத்தல்களை அருகருகே வைத்தால் அவை பகல் முழுவதும் செவுள்மூடியை விரித்துச் சீறிக்கொண்டேயிருக்கும். விருந்தினருக்கு அது வேடிக்கை; மீனுக்கு அது முடிவில்லாத போர். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டுவதும் அத்தகையதே. ஓரிரு நிமிடங்கள் காட்டினாற் பெருந்தீங்கில்லை. நாள் முழுவதும் எதிரே வைத்திருந்தால் அது தன் நிழலோடு போராடியே தளர்ந்துவிடும். இரண்டு போத்தல்களுக்கிடையே ஒரு கடதாசி மட்டையைச் செருகிவிடுங்கள், அவ்வளவே வேண்டுவது.

இவற்றையெல்லாம் சீர்செய்த பின்னரே இனவிருத்திக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்து, ஒன்று முதல் இரண்டு வாரங்கள் நல்லுணவு கொடுத்துத் தேற்றுக. நுளம்புக் குடம்பி, நீர்த்தெள்ளு, உப்புநீர் இறாற் குஞ்சு ஆகியவை சிறந்த உயிருணவு. ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை. குடம்பி வேண்டுமென்று சிரட்டைகளிலும் வாளிகளிலும் நீரைத் தேக்கி நுளம்பு வளர்ப்பது டெங்குக் காய்ச்சலை வீட்டுக்கு அழைப்பதாகும். மீனின் உணவுக்காக அயலாரின் பிள்ளையை நோயாளியாக்குதல் எவ்வகையிலும் பொருந்தாது. குடம்பி கிடைக்காவிடின் உறைநிலை உணவும் கடையில் உண்டு.

இனவிருத்தித் தொட்டியில் நீர் 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழம் இருந்தாற் போதும். ஆழம் மிகுந்தால் விழும் முட்டைகளைப் பொறுக்குவதற்கு ஆண் படும் பாடு பெரிது. அடியில் மணல் வேண்டாம். முட்டைகள் அதில் மறைந்துவிடும். ஆனால், பெண் ஒளிந்துகொள்வதற்கு நீர்ப்பாசிக் கொத்தொன்றும், கவிழ்த்து வைத்த ஒரு சிறு மண்சட்டித் துண்டும் கட்டாயம் வேண்டும். மேற்பரப்பிலே உலர்ந்த நாட்டு வாதுமை இலையொன்றை மிதக்கவிடலாம். சிங்களத்திற் கொட்டம்பா என வழங்கும் இம்மரம் நம் கடற்கரையோரங்களில் தாராளமாக உண்டு. அதன் சாறு நீரைத் தேயிலைச் சாயமாக்கி மென்மைப்படுத்தும். இலையின் கீழே ஆண் கூடும் கட்டும்.

ஆணை முதலில் இத்தொட்டியில் விடுக. பின்னர் பெண்ணை, மேலும் கீழும் திறந்த ஒரு விளக்குச் சிமினியினுள் அல்லது தெளிந்த கண்ணாடிப் போத்தலினுள் இட்டு, அதே தொட்டியில் நிறுத்துக. சிமினியின் மேல்வாய் நீருக்கு மேலே நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று காணும். ஆனால் தீண்ட இயலாது. இந்த ஒரு நாளோ இரண்டு நாட்களோதான் நாம் மெய்ப்பாட்டைப் படிக்கும் காலம். ஆண் செட்டைகளை விரித்துப் பெண்ணின் முன் ஆடுகிறதா? ஆடிவிட்டுத் தன் கூட்டுக்குத் திரும்புகிறதா? பெண்ணில் நெடுக்குக் கோடுகள் தோன்றுகின்றனவா? அது தலை தாழ்த்திக் கண்ணாடிக்கருகே வருகிறதா? இவை நான்குக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் மட்டும் சிமினியை மெல்ல உயர்த்தி எடுங்கள். ஆண் கூட்டை மறந்து கண்ணாடியை முட்டிக்கொண்டே நின்றாலோ, பெண் வெளிறிக் கிடைக்கோடுகளுடன் ஒதுங்கினாலோ, இரண்டையும் பிரித்துவிட்டு இன்னும் சில நாட்கள் காத்திருங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது மீன் வளர்ப்புக்கும் பொருந்தும்.

பெண்ணை விடுவித்த பின்னர் சிறிது துரத்தலும் கடித்தலும் இருக்கவே செய்யும். செட்டையில் ஓரிரு கிழிசல்கள் ஏற்படலாம், அவை ஆறிவிடும். ஆனால், செட்டை அடிவரை சிதைந்தாலோ, செதில்கள் உதிர்ந்தாலோ, பெண் ஒளிந்த இடத்தைவிட்டு வெளிவராது திணறினாலோ, அக்கணமே அதனை எடுத்துவிட வேண்டும். சில வேளைகளிற் பெண் ஆணைத் தாக்குவதும் உண்டு. அதற்கும் இதுவே பரிகாரம். இதனாலேயே, மாலையில் இரண்டையும் ஒன்றாக விட்டு உறங்கச் செல்லுதல் கூடாது. காலையில் விட்டு, கண்ணிற் படும்படி வைத்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் என் சிறுவயதுப் பிழையொன்றை ஒளியாது சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. கூடு கட்டிய ஆண் ஒன்று என்னிடம் இருந்தது. அன்று மாலை வாங்கி வந்த பெண் மீனை அன்றிரவே அத்தொட்டியில் விட்டுவிட்டு, காலையில் முட்டைகளைக் காணலாம் என்ற ஆசையோடு படுத்துக்கொண்டேன். காலையிற் பெண் மீன் செட்டைகள் அனைத்தும் சிதைந்து அடியிற் கிடந்தது. ஆண் மீனோ எதுவும் நிகழாததுபோலத் தன் கூட்டின் கீழே நின்றது. அதனை நான் பல நாட்கள் வெறுத்தேன். ஆண் தன் எல்லையைக் காத்தது. பெண்ணுக்கோ ஓட வழியில்லை. வழியில்லாத அறையைக் கட்டியவன் நான் என்பது வளர்ந்த பின்னரே எனக்குப் புலப்பட்டது.

முறையாக நடந்தால் நாம் காண்பது வேறொரு காட்சி. பெண் கூட்டின் கீழே வர, ஆண் தன் உடலை வளைத்து அதனைத் தழுவிக்கொள்ளும். முதற் சில தழுவல்களில் முட்டை வராமற் போகலாம். பின்னர் ஒவ்வொரு தழுவலிலும் வெண்மணிகள்போல முட்டைகள் உதிரும். அவ்வேளையிற் பெண் சில கணங்கள் செயலற்றுச் சாய்ந்து மிதக்கும். அது இறந்துவிட்டதென்று அஞ்சிக் கையை இட்டுக் கலைத்துவிடாதீர்கள், அதுவும் இயல்பே. ஆண் விரைந்து கீழிறங்கி முட்டைகளை வாயாற் கவ்வி, கூட்டிலே கொண்டுபோய் ஒட்டும். இவ்வாறு பல முறை நிகழ்ந்து, நூற்றுக்கணக்கான முட்டைகள் சேரும்.

முட்டை முடிந்ததும் ஆண் பெண்ணைத் துரத்தத் தொடங்கும். அதுவே பெண்ணை எடுப்பதற்கான அறிவிப்பு. அதனைத் தனியே, அரையிருளான அமைதியான இடத்தில் வைத்து ஓய்வு கொடுங்கள். மறுபடியும் சில வாரங்களுக்கு அதனை இனவிருத்திக்கு விடலாகாது. அப்பால் குஞ்சுகளைக் காக்கும் பணி தந்தையுடையதே. கூட்டிலிருந்து விழும் முட்டையை அது மீண்டும் எடுத்து வைக்கும். உடைந்த குமிழிகளைப் புதுப்பிக்கும். ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு நாட்களில் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டிலே தொங்கும். மேலும் இரண்டு மூன்று நாட்களில் அவை கிடையாக நீந்தத் தொடங்கும்போது ஆணையும் எடுத்துவிட வேண்டும். இடையிலே நாம் அடிக்கடி எட்டிப் பார்த்தும், விளக்கை ஏற்றி அணைத்தும், தொட்டியைத் தட்டியும் தொல்லை கொடுத்தால் ஆண் தன் முட்டைகளைத் தானே தின்றுவிடக்கூடும். இங்கும் துன்பத்தின் மெய்ப்பாடு அதுவே.

குஞ்சுகளுக்கு முதலிற் கண்ணுக்குத் தெரியாத நீர் நுண்ணுயிர்களும், பின்னர் அன்று பொரித்த உப்புநீர் இறாற் குஞ்சுகளும் உணவாகும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அவற்றில் பிறக்கும்போதே அமைவதில்லை. சில வாரங்கள் சென்றே உருவாகும். அக்காலத்தில் தொட்டியை மூடி வைத்து, நீருக்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பும் ஈரமும் குன்றாது காத்தல் வேண்டும்.

இத்தனையும் செய்ய முன்னர், நேயர்களே, ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருநூறு குஞ்சுகள் தப்பினால் அவற்றுட் பாதி ஆண்களாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதங்களில் அவை ஒன்றையொன்று தாக்கத் தொடங்கும். அப்போது நூறு ஆண்களுக்கு நூறு தனிப்பாத்திரங்களும், அவை நூற்றுக்கும் நீர் மாற்றும் கைகளும் வேண்டும். அதற்கு வழியில்லாதவர் ஒரு மீனை நலமாக வளர்த்து மகிழ்வதே மேலானது. பெருகிவிட்டன என்பதற்காக அவற்றை வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுதல் ஒருபோதும் ஆகாது. நம் ஈரவலயத்துக் காட்டோடைகளிலே, உலகில் வேறெங்கும் இல்லாத உறவு மீனொன்று வாழ்கின்றது. ‘மல்புலுத்தா’ எனப்படும் அச்சிறு மீனை 1937ஆம் ஆண்டில் விலங்கியல் அறிஞர் தெரணியகல உலகுக்கு விவரித்தார். அதுவும் இலையின் கீழே நுரைக்கூடு கட்டுவது. இன்று அருகி வருவது. அந்நிய மீன்களும் அவற்றோடு செல்லும் நோய்களும் அதன் வீட்டுக்குட் புகாது காப்பது நம் கடமை.

அயல் வீட்டுச் சிறுவனுடைய கதை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். பெண் மீனைப் போத்தலிலிருந்து ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றினோம். வாதுமை இலையொன்றை இட்டு, ஆணைக் காணாதபடி மட்டையால் மறைத்தோம். மூன்றாம் நாள் அது உண்ணத் தொடங்கியது. ஒரு வாரத்தில் கிடைக்கோடுகள் மறைந்து, உடல் கருநீலமாயிற்று. இரண்டாம் வாரம் சிமினிக்குள் இட்டபோது வேலி நட்டாற்போல நெடுக்குக் கோடுகள் எழுந்தன. “மாமா, இப்ப கோடு மாறிட்டுது!” என்று அவன் கூவினான். சிமினியை அவனே உயர்த்தினான். அன்று பள்ளி விடுமுறையாதலால் மாலைவரை தொட்டியின் பக்கத்தைவிட்டு அகலாமல் இருந்தான். பெண் மீன் ஒரு சிறு கிழிசலோடு தப்பியது. கூட்டில் முட்டைகளும் இருந்தன.

முட்டைகளைக் கண்ட மகிழ்ச்சியிலும், போத்தலைக் கொண்டு முதல் நாள் என்னிடம் வந்து கேட்டானே, அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. கேட்காமல் விட்டிருந்தால் அவனும் என்னைப்போல் ஒரு காலையில் அழுதிருப்பான். உங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஒரு மீன் இப்போது ஏதோ சொல்லிக்கொண்டிருக்கலாம். இவ்வுரை முடிந்ததும் அதனருகே சென்று, கையை நீரில் இடாது, சற்று நேரம் அமைதியாக நின்று பாருங்கள்.